கடைசியா எப்போ குடிச்சீங்க?

போன வாரம் நைட் டியூட்டியில் ரவுண்ட்ஸ் எல்லாம் முடிந்து இரண்டு மணி வாக்கில் கொஞ்சம் உட்கார்ந்தபோது, கூட இருந்த ஜூனியர் நர்ஸ் பெண் கேட்டாள்: "அக்கா, எம்.எஸ்சி. பண்ணலாம்னு இருக்கேன். சைக்கியாட்ரி எடுக்கட்டுமா? வீட்ல சொன்னா திட்றாங்க."

திட்டத்தான் செய்வார்கள். நான் சேர்ந்தபோது என் மாமியார் தெருவில் யாரிடமும் பாடத்தின் பெயரைச் சொல்லவில்லை, "மேல்படிப்பு படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்பதே ஒரு வசவு. 1794-இல் ஆரம்பித்த மனநல மருத்துவமனை, இருநூறு வருடம் தாண்டியும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்கிறோம். அன்று அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

நான் ஆறு வருடம் எலும்பு வார்டில் இருந்தவள். அங்கே ஒரு லாரி டிரைவர், தொடை எலும்பு முறிந்து டிராக்‌ஷனில் படுத்திருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி கை நடுக்கம், வேர்த்துக் கொட்டுகிறது, ஒரு மணிக்கு மேல் படுத்தபடியே வண்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். வலது கையால் அந்தரத்தில் ஸ்டியரிங், இடது கையால் கியர், "பின்னாடி வண்டி வருதா பாருடா" என்று கிளீனர் பையனைக் கூப்பிடுகிறார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று அழுதபடி அவர் மனைவி நெற்றியில் திருநீறு பூசுகிறார். காலில் எடை தொங்குகிறது, எழுந்துவிட்டால் போச்சு. நாற்பது பேருக்கு நாங்கள் இரண்டு நர்ஸ். காஸ் பேண்டேஜை முறுக்கி இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினோம். ஒரு கையைக் கட்டியது நான்.

அவருக்கு வந்தது திடீரென்று குடி நின்றதால் வரும் டெலிரியம், அதாவது கடுமையான மனக்குழப்பம். கடைசியாகக் குடித்து இரண்டு மூன்று நாளில் வரும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். இது எனக்குத் தெரியாதது இல்லை, பி.எஸ்சி. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அட்மிஷன் அன்று சர்க்கரை இருக்கா, பி.பி. இருக்கா என்று கேட்டுவிட்டு, மனைவியைப் பார்த்து "குடிப்பாரா?" என்று கேட்டிருக்கிறோம், அவர் "அதெல்லாம் இல்லைங்க" என்றிருக்கிறார், கேஸ் ஷீட்டில் "பழக்கம் இல்லை" என்று ஏறிவிட்டது. இருபது சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போது வேறு என்ன சொல்வார்?

அந்த ராத்திரிதான் என்னைப் படிக்க அனுப்பியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் இரண்டு வருடம் கழித்துத்தான் போனேன், நான் முதலில் கேட்டதும் மெடிக்கல் சர்ஜிக்கல்தான். சீட் முடிந்துவிட்டது. சைக்கியாட்ரி மிச்சம் இருந்தது. என் செட்டில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான்.

நடைமுறை விஷயத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. இரண்டு வருடம், முழுநேரம். நர்சிங் பி.எஸ்சி. அல்லது டிப்ளமா நர்ஸ்கள் பிறகு படிக்கிற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., 55 சதவீதம், ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும். வேலையை விட வேண்டும், இல்லை சம்பளமில்லாத லீவுக்கு மன்றாட வேண்டும். என் வளையல்கள் அந்த இரண்டு வருடமும் அடகுக் கடையில் இருந்தன. இரண்டு வருடம் முடியாது என்றால் சைக்கியாட்ரி நர்சிங்கிலேயே ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமா இருக்கிறது, பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மனநல மருத்துவ நிறுவனத்தில் இரண்டுமே உண்டு. பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் எம்.எஸ்சி., நோயாளி பக்கத்திலேயே இருக்க ஆசை என்றால் டிப்ளமாவே போதும் என்பது என் கட்சி. கல்லூரி எதுவானாலும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அங்கே என்னைப் புரட்டிப் போட்டது ப்ராசஸ் ரெகார்டிங் என்கிற ஒரு நோட்டு. நோயாளியோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்து, அவர் சொன்னது ஒரு பத்தி, நான் சொன்னது ஒரு பத்தி, அதை ஏன் சொன்னேன் என்று ஒரு பத்தி, வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். நர்ஸுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே சிகிச்சை என்று 1952-லேயே ஹில்டகார்ட் பெப்லாவ் என்கிற அமெரிக்க நர்ஸ் சொன்னதை வகுப்பில் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறேன், நோட்டில்தான் அது உறைத்தது. முதல் நாள் ஒரு பெரியவர் "வீட்டுக்குப் போகணும்மா" என்றார். நான், "கவலைப்படாதீங்க ஐயா, சீக்கிரம் போயிடலாம்." மேடம் அதைச் சிவப்பு மையில் சுழித்து ஓரத்தில் எழுதினார்: "அவர் வந்து பதினோரு வருஷம். எந்த வீடு?" எண்ணிப் பார்த்தால் அந்த அரைமணியில் ஏழு தடவை கவலைப்படாதீங்க சொல்லியிருக்கிறேன். எட்டு வருட சர்வீஸில் எத்தனை ஆயிரமோ.

நோயாளி சொல்லுக்குப் பின்னால் இருக்கிற பொருளைப் பிடிக்கிறாரா என்று பார்க்கப் பழமொழிக்கு அர்த்தம் கேட்பதும் பரிசோதனையில் ஒன்று. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்றதற்கு ஒரு பையன் "எந்தக் கிணறு சிஸ்டர்?" என்றான். அதைக் குறித்துக்கொண்டேன். அடுத்த படுக்கை அம்மாவிடம் "யானைக்கும் அடி சறுக்கும்" என்றேன். "அதான் இங்க வந்து கிடக்கேன்" என்றார். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டேன்.

அப்புறம் 2017 மனநலச் சட்டம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகிய 28 பேரைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் மேடம் அதை ஆரம்பித்தார். சங்கிலி கூடவே கூடாது, மற்றக் கட்டுகளும் வேறு வழியே இல்லை என்றால் மட்டும் என்று வாசித்துக்கொண்டே போனவர், ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்ற வரிக்கு வந்தார். அது மனநல நிலையங்களுக்கான சட்டம், எலும்பு வார்டுக்கு அல்ல. ஆனாலும் எனக்கு அந்த காஸ் பேண்டேஜ்தான் கண்ணில் வந்து நின்றது.

படித்து முடித்து வந்ததும் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நான் சேர்ந்த இடத்தில் சைக்கியாட்ரி வார்டே இல்லை, ஊசி போடும் அறையில் உட்கார வைத்தார்கள், சம்பளமும் அதே சம்பளம். ஆறு மாதம் புலம்பினேன். இப்போது மறுபடி எலும்பு வார்டு, இந்தத் தடவை நானே கேட்டு வாங்கியது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஜூனியர், "அப்ப இங்க இருந்துக்கிட்டே நான் என்ன கத்துக்கலாம்?" என்றாள். "குடிப்பீங்களா"ன்னு கேட்காதே, சொந்தக்காரங்களைக் கொஞ்சம் வெளியே அனுப்பிட்டு, "கடைசியா எப்போ குடிச்சீங்க"ன்னு கேள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஹேண்ட்ஓவரில் ஒன்பதாம் படுக்கைக்கு வந்தபோது அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே படித்தாள்: "முழங்கால் முறிவு, சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை, கடைசியாகக் குடித்தது ஞாயிறு ராத்திரி பத்து மணி." கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். லேசான நடுக்கம். டியூட்டி டாக்டருக்கு போன் போட்டேன்.