வேலூர் வெயிலிலிருந்து யூனம் உச்சிக்கு

யூனம் சிகரத்தின் உயரம் 6,111 மீட்டர். இமாசலப் பிரதேசத்தில், மணாலி–லே சாலையில் பாரலாச்சா கணவாயை ஒட்டி நிற்கிறது. கயிறு பிடித்துத் தொங்கும் வேலை அதிகம் இல்லாததால், நடந்தே ஏறிவிடலாம் என்பார்கள். ஏறலாம்தான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சத்தில் வாழும் வேலூர்க்காரனுக்கு அங்கே கால் வலுவை விட மூச்சுதான் பெரிய கவலை.

காலுக்கு நம்மூரிலேயே வழி உண்டு. விடியற்காலையில் சோளிங்கர் மலைக்குப் போய்விடுவேன். யோக நரசிம்மர் கோயிலுக்கு 1,305 படி. தண்ணீர் பாட்டில்களை அடைத்த பையோடு ஏறி, அதே பையோடு இறங்குவேன். கூடவே குடியாத்தத்து அண்ணன் ஒருவர். வயதில் மூத்தவர், வேகத்தில் என்னை மிஞ்சுவார்.

உடல் தகுதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது மருத்துவர் முதலில் விசாரித்தது சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளுமா என்றுதான். உயரத்துக்குப் பழக உதவும் அசிட்டசோலமைடு அந்தக் குடும்பத்து மாத்திரையாம். மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது குறைகிறது. 6,000 மீட்டரில் கீழே கிடைப்பதில் பாதிகூட வராது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது என்றார்.

காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ், டெல்லியிலிருந்து மணாலிக்குப் பஸ். அதுவரை சொல்ல ஒன்றுமில்லை. 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு ரோத்தாங் கணவாயைச் சுற்றாமலே லாகுல் பள்ளத்தாக்குக்குள் போய்விடலாம். அந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. காலையில் 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியில் கிளம்பினால், சாயங்காலம் யூனத்தின் அடிவார முகாமான 4,700 மீட்டர் பாரத்பூரில் கூடாரம் போட்டுவிட முடியும். உடம்பு அதற்குத் தயாராக இருக்காது. அதனால் வழியிலுள்ள ஜிஸ்பா கிராமத்தில் தங்கி, பகலில் பக்கத்து மேடுகளில் ஏறி, இரவுக்குக் கீழே வந்து படுத்தோம்.

பாரத்பூரில் தண்ணீர் 85 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது. பசியும் எடுக்காது. வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடிதான் நாலு கவளத்தை உள்ளே தள்ளியது.

அன்று ராத்திரி அண்ணன் எழுப்பினார். "தம்பி, தலை வெடிக்குதுப்பா. சாப்பிட்டதும் உள்ள நிக்கல. நான் இறங்கிடறேன்." அத்தனை பயிற்சிக்குப் பிறகு அப்படிச் சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்! வலி மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. வழிகாட்டி உடனே வண்டியை எடுக்கச் சொல்லி, ஆள் துணையோடு அவரை ஜிஸ்பாவுக்கு அனுப்பினார்.

உச்சிக்கு நடுநிசி தாண்டிக் கிளம்பினோம். மலை முழுக்க உதிரிக் கல். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும். ஓர் அடிக்கு இரண்டு மூச்சு, பிறகு அடுத்த அடி. வழிகாட்டி "ஆராம் சே" (நிதானமாக) என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். தண்ணீர் பாட்டிலைக் கம்பளிக் காலுறைக்குள் தலைகீழாக வைக்கச் சொல்லியிருந்தார். தண்ணீர் மேல்பக்கத்திலிருந்துதான் உறையத் தொடங்கும். கவிழ்த்து வைத்தால் மூடி அடைத்துக்கொள்ளாது. விடியும்போது எனக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தது.

உச்சியில் பௌத்த மந்திரங்கள் அச்சிட்ட கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் சந்திரபாகா மலைத்தொடரின் வெள்ளைச் சிகரங்கள். கைகூப்பி நின்றேன், அழுகை வந்தது. ஆனால் அங்கே அதிக நேரம் நிற்கக் கூடாது. வெயில் ஏற ஏறக் கல் உருளும்.

இறக்கம் முழங்காலைப் பிழிந்தது. ஊன்றுகோல் இரண்டும் இல்லாவிட்டால் திண்டாடியிருப்பேன். சோளிங்கரில் சுமையோடு இறங்கிப் பழகியது அப்போதுதான் கைகொடுத்தது. ஜிஸ்பாவுக்கு வந்து பார்த்தால் அண்ணன் தெம்பாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்த சில மணி நேரத்திலேயே தலைவலி விட்டுவிட்டதாம். அடுத்த முறை இன்னும் இரண்டு ராத்திரி சேர்த்து ஜிஸ்பாவில் தங்க வேண்டும் என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.