தண்ணீர்மலையில் தினைமாவு

மலேசியாவின் பினாங்குத் தைப்பூசத்தைத் தேங்காய் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்கு நகரத்தாரின் வெள்ளி ரதம் வரும். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து 2017 முதல் முருகனின் வேலைச் சுமந்து தங்க ரதமும் வருகிறது. வழியெல்லாம் தேங்காய்க் குவியல். உடைப்பவர்களில் பலர் சீனர்கள். இளநீர் ஓடி, செருப்பு வழுக்கும்.

பூசத்தன்று விடிகாலை பெரியம்மா பால்குடம் எடுத்தார், நான் கூடவே நடந்தேன். ஆறு கார்த்திகைப் பெண்கள் பாலூட்டி வளர்த்த பிள்ளைக்குப் பால்தானே பொருத்தம். ஆனால் என் கண் முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்களின் மேல். மீகூன் என்கிற அரிசி நூடுல்ஸ், சாம்பார் சாதம், மோர், ரோஸ் சிராப். சில பந்தல்களில் பாட்டுச் சத்தம்தான் பக்தியைவிட அதிகம், அது வேறு கதை.

ஒரு சின்னப் பந்தலில் தினைமாவு கொடுத்தார்கள். வறுத்து அரைத்த மாவில் வெல்லமும் ஏலமும் சேர்த்து, தேன் விட்டுப் பிசைந்த உருண்டை. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது; கடித்தால் நறநறப்பு, அப்புறம் மெல்ல இனிப்பு. நான் அங்கேயே தின்றேன். பெரியம்மா விரதம், தன் பங்கை இலையில் மடித்து என்னிடம் கொடுத்துவைத்தார்.

முருகன் என்றதும் எல்லோரும் மாம்பழக் கதைக்கே போகிறார்கள். எனக்குப் பிடித்தது தினைப்புனம். கிழவனாக வந்து பசி என்றவனுக்கு வள்ளி கொடுத்தது தேனும் தினைமாவும். தின்றதும் விக்கல், தண்ணீர் கேட்டுச் சுனைவரை அவளை அழைத்துப் போய்விட்டான், கெட்டிக்காரன்! அவள் மசியவில்லை என்றதும் அண்ணனை நினைத்தான். பிள்ளையார் யானையாக வந்து நின்றார், வள்ளி பயந்து கிழவனையே கட்டிக்கொண்டாள்.

“பழத்துக்காக அண்ணன்கிட்ட கோவிச்சிக்கிட்டுப் போனவன், பொண்ணு விஷயத்துல அதே அண்ணனைத்தான்யா கூப்பிட்டான்” என்றார் பெரியம்மா, குடத்தைப் பிடித்தபடியே. சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மலைமேலே பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படிகள். மூச்சு வாங்க ஏறி, வரிசையில் நின்று, பாலைக் கொடுத்து, அபிஷேகம் பார்த்த பிறகுதான் பெரியம்மா இலையைப் பிரித்தார். தேன் முழுக்க இலையில்தான் இருந்தது. வழித்துத் தின்றுவிட்டு, “இன்னொண்ணு வாங்கிட்டு வா” என்றார். இறங்கி வந்து பார்த்தால் தினைமாவு தீர்ந்திருந்தது, மீகூன்தான் பாக்கி.