மதிலுக்கு அப்பால் இரண்டு தேனீப் பெட்டிகள்

மார்ச் 3

பக்கத்து வீட்டுக்காரர் இன்று மதிலோரமாக இரண்டு தேனீப் பெட்டிகளை வைத்திருக்கிறார். வைப்பதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. என் ஆறு வயது மகள் விளையாடும் இடம் அந்த மதிலுக்கு இப்பால்தான் இருக்கிறது.

மார்ச் 11

காயவைத்த வெள்ளைத் துணிகளில் மஞ்சள் புள்ளிகள் விழுந்திருந்தன. தேனீக்கள் கூட்டுக்குள் கழிக்காமல் பறக்கும்போதே கழிப்பதால் வரும் கறை அது என்று அவர் விளக்கினார். துணிக்கொடியை வீட்டின் மறுபுறத்துக்கு மாற்றிக் கட்டினேன்.

மார்ச் 26

பறவைகளுக்காக நான் வைத்திருக்கும் தண்ணீர்ச் சட்டியின் விளிம்பு முழுவதும் இன்று தேனீக்கள். வெயில் ஏறும்போது அவை தண்ணீரைக் கொண்டுபோய் அடைகளில் துளித்துளியாகப் பரப்பி, சிறகுகளை விசிறி, புழுக்கள் வளரும் பகுதியை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே காக்கின்றன என்று படித்தபோது, விரட்டும் எண்ணம் குறைந்துவிட்டது. ஆனால் பறவைகள் சட்டியை அண்டவில்லை. ஒரு தேனீ கண்டுபிடித்த இடத்தைக் கூட்டுக்குள் ஆடிக்காட்டி மற்றவற்றுக்கும் தெரிவித்துவிடும் என்பதால், சட்டியை ஒரு நாள் கவிழ்த்து வைத்தும் அவை அதையே சுற்றிச் சுற்றி வந்தன.

இதை அவரிடம் சொன்னேன். பெட்டிகளை வைத்த அன்றே அருகில் தண்ணீரும் வைத்திருக்க வேண்டும், அது தன் தவறு என்று ஒப்புக்கொண்டு, தேனீக்கள் மூழ்காமல் நின்று குடிக்கக் கூழாங்கற்கள் பரப்பிய அகன்ற தட்டு ஒன்றை வைத்தார். பழகிய இடத்தை அவை உடனே விடாது என்பதால், நான் சட்டியைச் சில நாள்கள் வறண்டே வைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 9

மேகமூட்டமும் காற்றுமாக இருந்த மாலையில் அவர் பெட்டியைத் திறந்திருக்கிறார். மகளின் கையில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. தோலில் தங்கிய கொடுக்கு நஞ்சைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டே இருக்கும் என்பதால், உடனே நகத்தால் வழித்தெடுத்து அவளை உள்ளே தூக்கி வந்தேன். மூச்சுத்திணறலோ உடலெங்கும் தடிப்போ வருகிறதா என்று நெடுநேரம் அருகிலேயே இருந்து கவனித்தேன். வீக்கத்தோடு போயிற்று.

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவும் இல்லை. பெட்டிகளை அகற்றச் சொல்லத்தான் போனேன். பேசி முடித்தபோது வேறு முடிவுக்கு வந்திருந்தோம். வெயில் தெளிந்த நண்பகலில், பெரும்பாலான தேனீக்கள் இரை தேட வெளியே போயிருக்கும் நேரத்தில்தான் திறப்பார். முன்கூட்டியே எனக்குச் சொல்வார். பெட்டிகளின் வாயிலுக்கு எதிரே, மதிலின் மேல், ஆள் உயரத்துக்கும் மேலாக வலை கட்டுவார். குறுக்கே தடுப்பு இருந்தால் தேனீக்கள் அதற்கு மேலே ஏறி, நம் தலைக்கு மேலாகப் பறந்து போய்விடும்.

ஏப்ரல் 28

எங்கள் மரக்கிளையில் தேனீக்கள் கொத்தாகத் தொங்கின. பழைய ராணி கூட்டத்தின் ஒரு பகுதியோடு பிரிந்து வந்திருந்தது. வயிறு நிறையத் தேனைக் குடித்துவிட்டுக் கிளம்புவதாலும், காப்பதற்குக் கூடு இல்லாததாலும், இந்த நிலையில் அவை கொட்டுவது அரிது. அவர் வெற்றுப் பெட்டியைக் கீழே பிடித்துக் கிளையை ஒரே உலுக்காக உலுக்கினார். வெளியே நின்றவையும் நுழையட்டும் என்று இருட்டும்வரை காத்திருந்து எடுத்துப்போனார். மகள் சன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 29

கிளையில் வெள்ளை மெழுகு சிறிது ஒட்டியிருந்தது. இரண்டு மூன்று தேனீக்கள் இன்னும் அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. மகளை அருகே அழைத்துக் காட்டினேன்.