மரதன் நாளில் எங்கே நிற்பது

இலங்கையின் நுவரெலியாவுக்கு வந்த புதிதில் யாரிடம் பேசினாலும் இரண்டாவது வாக்கியம் ஒரே கேள்விதான்: "எந்தத் தோட்டம்?" தமிழ்நாட்டில், எங்கள் கோத்தகிரியில் ஊரைக் கேட்பார்கள். இங்கே தோட்டத்தைக் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லாமல் இல்லை, ஆனால் அது பாட்டி காலத்துப் பதில். நானுஓயாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் அவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இங்கிருந்த தோட்டத் தமிழர்களில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பிரித்தபோது, பாட்டி அந்தப் பக்கம் போனார், அவருடைய தம்பி இந்தப் பக்கம் நின்றுவிட்டார். கோத்தகிரியில் எங்கள் குடும்பத்துக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். அந்தத் தம்பியின் பேரனைக் கட்டிக்கொண்டு நான் இங்கே வந்திறங்கியதும் 'இந்தியாக்காரப் பிள்ளை' ஆகிவிட்டேன்.

குளிர் எனக்குப் புதிதில்லை. தேயிலையும் புதிதில்லை. பால் விடாத தேநீரைப் பாட்டி கடைசிவரை சாயத்தண்ணி என்றுதான் சொன்னார். இங்கே என் மாமியார் அதே சொல்லைச் சொன்னபோது ஒரு நொடி தொண்டை அடைத்தது. சிரமப்பட்டது சின்னச் சின்னச் சொற்களில். சோப்பு சவர்க்காரம், பன் பணிஸ், போலீஸ் பொலிஸ். வதிவிட விசாவுக்கு அலைந்த கதை தனி. அதை எழுதினால் இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே முடிந்துவிடும்.

டவுனில் ஒரு சுவரொட்டியில் 'மரதன்' என்று பார்த்தேன். மாரத்தானைத்தான் அப்படி எழுதுகிறார்கள் என்று புரியச் சிறிது நேரமானது. 42.195 கிலோமீட்டரா என்று நாத்தனார் மகளிடம் கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அத்தை, எங்கள் பள்ளிக்கூட மரதனே ஐந்து கிலோமீட்டர்தான்." இங்கே வீதியில் ஓடினால் மரதன். பள்ளி விளையாட்டுப் போட்டியில் மரதன், சித்திரைப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் மரதன். அந்த 42.195 கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம், 1921-இல் நிலையாக்கப்பட்டது என்றெல்லாம் நான் விளக்கியதை அவள் காதில் வாங்கவே இல்லை. அந்தச் சுவரொட்டியில் இருந்தது அரை மரதன். ஏரியையும் டவுனையும் சேர்த்து ஏழு கிலோமீட்டர் வட்டத்தில் மூன்று சுற்று. அவள் ஓடுகிறாள். நான் படமெடுக்க வேண்டும்.

கோத்தகிரியில் நான் ஐந்து வருடம் கல்யாண வீடுகளில் படமெடுத்தவள். கல்யாணத்தில் ஆட்கள் தாங்களாகவே வந்து முன்னால் நிற்பார்கள். வீதியில் போகிறவர்களைப் படமெடுப்பது வேறு வித்தை என்று 2023 ஆகஸ்டில் மாத்தளையில் தெரிந்துகொண்டேன். மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்து, அந்தக் காலத்தில் அவர்கள் நடந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தார்கள். நான் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டே எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நூற்றைம்பது முதுகுகள்.

அதனால் முதல் மரதனுக்கு முன்யோசனையோடு போனேன், முடிவுக் கோட்டுக்கு. எல்லோரும் வந்து சேரும் இடம் அதுதானே! அங்கே ஓட்டக்காரர்களைவிட மாலைகளும் மைக்கும் அதிகம். கோட்டைத் தாண்டும் நொடியில் பாதிப் பேர் தலையைக் குனிந்து மணிக்கட்டில் நேரத்தைப் பார்க்கிறார்கள். முகம் இல்லை, உச்சந்தலைதான். நடுவில் கைபேசி பிடித்த கைகள். சற்று முன்னால் நகர்ந்தால் படம் கிடைக்கும் என்று வீதியில் ஒரு காலை வைத்தேன். "அயின் வென்ன" என்றார் பொலிஸ்காரர். விலகுங்கள் என்று பொருள். சிங்களத்தில் நான் கற்ற முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். விலகிய அந்த நேரத்தில் எங்கள் பிள்ளை கோட்டைத் தாண்டிவிட்டாள்.

அடுத்த ஆண்டு, போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, அதே விடியல் நேரத்தில் வட்டம் முழுவதையும் நடந்து பார்த்தேன். கையில் கேமரா இல்லை. துண்டுக் காகிதமும் பென்சிலும்தான். இன்றைக்கும் யாராவது யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, பின்னணியில் என்ன இருக்கிறது என்பதை ஆட்கள் இல்லாத வீதிதான் காட்டும். 1873-இல் ஆளுநர் கிரகரி வெட்டவைத்த வாவியை ஒட்டிப் பதுளை வீதி போகிறது. வாவியைப் பார்த்து நின்றால் காலை வெயில் என் முதுகுப் பக்கமிருந்து வந்து ஓடுகிறவர்கள் மேல் விழும், பின்னால் தண்ணீரிலிருந்து பனிமூட்டம் எழும். படத்துக்கு அழகு. ஆனால் வீதி நேராக இருப்பதால் எல்லோரும் பக்கவாட்டில் கடந்து போவார்கள். முகம் வேண்டுமென்றால் வளைவுக்குப் போக வேண்டும். வளைவின் வெளிப்பக்கம் நின்றால் வருகிறவர் கொஞ்ச நேரம் நேராக நம்மை நோக்கியே வருவார். நெஞ்சில் குத்திய இலக்கமும் தெரியும்.

இறக்கத்தில் நிற்கவே கூடாது. பார்க்க வேகமாக இருக்கும், படத்தில் எல்லோரும் பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போடுவது போலத் தெரிவார்கள். மேட்டில் வேகம் குறையும், உடம்பு முன்னால் சாயும், முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும். 1,868 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பிலிருந்து வந்து ஓடுகிறவர்களின் வாயைப் பார்த்தாலே அது தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வெறுங்காலில், மூக்காலேயே மூச்சுவிட்டுக்கொண்டு அவர்களைக் கடந்து போவார்கள். ஆனாலும் ஏறும்போது எடுப்பதைவிட, மேடு முடிந்து நாலைந்து அடி தள்ளி நிற்பது நல்லது. ஏறி முடித்ததும் தலை நிமிரும். அந்த நிமிர்வுக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

அப்படி ஓர் இடம், டவுனுக்குள் ஏறும் மேட்டின் முடிவில், வளைவின் வெளிப்பக்கம் கிடைத்தது. அது ஒரு தேநீர்க் கடையின் வாசற்படி. கடைக்காரர் பெரியவர், கம்பளித் தொப்பி போட்டிருந்தார். நின்றுகொள்ளலாமா என்று கேட்டேன். அவர் பதிலுக்குக் கேட்டது உங்களுக்கே தெரியும். பாட்டியின் தோட்டத்தைச் சொன்னேன். "அங்கே எத்தனையாம் நம்பர் லயம்?" என்றார். தோட்டத்து வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "பரவாயில்லை, நில்லு மகள்" என்றார்.

போட்டி அன்று ஐந்து மணிக்கே போய்விட்டேன். கடுங்குளிர். பெரியவர் உள்ளே கூப்பிட்டுச் சாயத்தண்ணியும் தேங்காய் ரொட்டியும் கொடுத்தார். மடத்தனமாகக் கேமராவையும் தோளோடு உள்ளே கொண்டுபோனேன். குளிர்ந்த கண்ணாடி, கொதிக்கும் கேத்தல், சிறிய அறை. லென்ஸ் முழுவதும் ஆவி படிந்து பால் போலாகிவிட்டது. துடைத்தால் மறுபடி படிகிறது. வெளியே வந்து கால் மணி நேரம் காற்றில் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் தெளிந்தது. அதற்குள் முன்னணியில் ஓடிய ஐந்து பேர் போய்விட்டார்கள். இப்போது கேமரா வெளியே பையிலேயே இருக்கும், நான் மட்டும் உள்ளே போவேன்.

எங்கள் பிள்ளை கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடுவாள். கடை நான்காவது கிலோமீட்டரில். ஆகவே புறப்பட்ட இருபத்து நான்காம் நிமிடம், அறுபத்தாறாம் நிமிடம், நூற்றெட்டாம் நிமிடம். காகிதத்தில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். முழு மரதனை இதே வேகத்தில் ஓடினால் நான்கு மணி பதின்மூன்று நிமிடம் ஆகும். அப்போது இரண்டு மூன்று இடங்களுக்கு மாறலாம். அரை மரதனில், அதுவும் சுற்றில், இடம் மாறி ஓடுவது வீண். அவர்கள் ஓடட்டும், நாம் நிற்போம்.

முதல் சுற்றில் பனிமூட்டம். கேமரா எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தேடியது. படிக்கு எதிரே இருந்த மின்கம்பத்தில் குவியத்தை நிறுத்தி, அதற்கு நேராக ஆள் வரும்போது அழுத்தினேன். மூட்டத்தில் கேமரா எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடும், அதனால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டினேன். ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் ஒரு லாரி மறைத்தது. நூற்றெட்டாம் நிமிடத்தில் வெயில் வந்துவிட்டது, அவளும் வந்தாள். மேடு முடிந்தது, தலை நிமிர்ந்தது, இரண்டு கால்களும் தரையில் இல்லை. அழுத்திவிட்டேன்.

வீட்டில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தோம். முழங்கால் உயர்ந்து, நெற்றியில் ஒட்டிய முடியோடு, பல் தெரிய வருகிறாள். அவள் தலைக்கு நேர் மேலே, கிரீடம் வைத்ததுபோல, கடைவாசலில் தொங்கிய கதலிக் குலையின் அடிப்பாகம். மாமியார் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. இரண்டு நாள் முன்பு நடந்து பார்த்தபோது அந்தக் குலை அங்கே இல்லை என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

ஒரு பிரதியைப் பெரியவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "அன்றைக்கு அந்தக் குலை முழுவதும் பத்து மணிக்குள் விற்றுவிட்டது" என்றார். படத்தை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

இந்த ஆண்டு போட்டிக்கு முந்தின நாள் மாலை அந்தப் பக்கம் போனேன். வாசலில் குலையைக் கட்டும் கயிறு மட்டும் தொங்கியது. குலைகள் எல்லாம் உள்ளே பெஞ்சின் கீழ் இருந்தன. படியில் ஒரு முக்காலி.