ஊர்ப் பள்ளியும் காலனிப் பள்ளியும் ஒன்றாகும்போது

ஊருக்கு ஒன்றியப் பள்ளி, காலனிக்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளி. கடலூர் மாவட்டத்தில் இப்படி நடந்தே போகும் தூரத்தில் இரண்டு பள்ளிகள் இருக்கும் கிராமங்கள் உண்டு. நலத்துறைப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் அதையே பரிந்துரைத்தது. துறை மாறினால் மட்டும் பிள்ளைகள் ஒரே பெஞ்சுக்கு வந்துவிட மாட்டார்கள். இரண்டு பள்ளிகளையும் இணைக்கும் ஆணை வருவதற்கு முன்பே பிள்ளைகளையும் ஊழியர்களையும் கேட்டாக வேண்டும்.

"இணைக்கலாமா?" என்று பிள்ளைகளைக் கேட்டால் வீட்டில் பேசியதையே ஒப்பிப்பார்கள். வழியை வரையச் சொல்லுங்கள். நாலாம், ஐந்தாம் வகுப்பில் நாலைந்து பேருக்கு ஒரு சார்ட், இரண்டு நிற ஸ்கெட்ச் பேனா. இன்னொரு பள்ளிக்கு எந்தத் தெரு வழியாகப் போவாய், எங்கே சுற்றிப் போவாய், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பாய்? கோயில் தெருவை விட்டு வரப்பு மேல் கோடு வளைந்தால் சிக்கல் அங்கேதான். பெயரும் வேண்டாம், சாதியும் வேண்டாம். முதல் தடவை அவரவர் பள்ளியிலேயே வரையட்டும். எடுத்த எடுப்பில் கலந்து உட்கார வைத்தால் காலனிப் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். கலந்த குழு அடுத்த வாரம்.

பெரும்பாலும் மூடப்படுவது காலனிப் பள்ளிதான் என்பதே என் பெரிய கவலை. 1916இல் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் தலித் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கிய மாவட்டம் இது. தங்கள் பள்ளி போய்விடும் என்ற பயத்துக்கு இங்கே ஆழமான காரணம் இருக்கிறது. 1948இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரம் வெள்ளையர் பள்ளி, கறுப்பினப் பள்ளி இரண்டையும் வைத்துக்கொண்டு வகுப்புகளைப் பிரித்தது: கீழ் வகுப்புகள் எல்லாருக்கும் ஒரு கட்டடத்தில், 6 முதல் 8 வரை கறுப்பினப் பிள்ளைகளின் பழைய பள்ளியில். இங்கேயும் 1 முதல் 3 வரை ஒன்றில், 4, 5 மற்றொன்றில் வைக்கலாம். அப்போது இரண்டு பக்கப் பிள்ளைகளும் மற்ற பக்கத்துக்கு நடந்து போவார்கள்.

நலத்துறை ஆசிரியர்களின் முதல் கேள்வி பணிமூப்பும் பதவி உயர்வும். எழுத்துப்பூர்வமான பதில் கையில் இல்லாமல் கூட்டம் போடாதீர்கள். சமையலரையும் உதவியாளரையும் அதே கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். "அவர் சமைத்தால் என் பிள்ளை சாப்பிடாது" என்ற பேச்சு முதல் வாரமே வரும். இரண்டு சமையலரும் ஒரே அடுப்படியில் நிற்க, ஆசிரியர்கள் பிள்ளைகளின் வரிசையிலேயே தட்டோடு உட்கார வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். இரண்டு தெருப் பெற்றோரும் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். இணைந்த பிறகு ஆங்கில வழி 'ஏ' பிரிவு, தமிழ் வழி 'பி' பிரிவு என்று வந்தால் வருகைப் பதிவேட்டைத் தெருவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பழைய இரண்டு பள்ளிகளும் ஒரே கூரைக்கடியில் திரும்ப வந்திருக்கலாம்.