காபிப் பையின் ஒருவழி வால்வு

வறுத்த காபிக்கொட்டை பல நாட்களுக்குக் கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். உடனே அடைத்து மூடினால் பை உப்பி, ஓரம் பிரியும். வாயு போகட்டும் என்று திறந்து வைத்தாலோ ஆக்சிஜன் மணத்தைக் கெடுத்துவிடும். இதற்கு இத்தாலியின் கோல்யோ நிறுவனம் 1960களில் கொண்டுவந்த தீர்வுதான், வாயுவை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத ஒருவழி வால்வு.

உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் தகடு, அதன் அடியில் சிலிக்கோன் எண்ணெய்ப் பூச்சு. அழுத்தம் கூடினால் தகடு சற்றே எழும்பி வாயுவை விடும். குறைந்ததும் எண்ணெய் அதை மறுபடி ஒட்டவைக்கும். எவ்வளவு அழகான வடிவமைப்பு!

தூள் காபி என்றால் அடியில் வடிதாள் உள்ள வால்வையே வாங்குங்கள். ஒரு துகள் தகட்டில் சிக்கினாலும் வால்வு முழுதாக மூடாது. பையின் மேற்பகுதியில், காபி மட்டத்துக்கு மேலே பொருத்த வேண்டும்.

பை செய்யும் படலத்தில் வெளியே 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாலியெஸ்டர், நடுவே 7 மைக்ரான் அலுமினியம், உள்ளே பாலித்தீன் என்பது வழக்கமான அடுக்கு. கூர்மையாக மடித்தால் அலுமினியத்தில் ஊசித்துளை விழும்.

பை கசிந்தால் வால்வைப் பழிக்குமுன் சீல் விளிம்பைப் பாருங்கள். அங்கே தூள் ஒட்டியிருந்தால் பாலித்தீன் சரியாக உருகி ஒட்டாது. பையைத் தண்ணீரில் அமுக்கி லேசாக அழுத்தினால், வால்வைத் தவிர வேறு எங்கே குமிழி வருகிறதோ அந்த இடமே ஓட்டையைக் காட்டிவிடும்.