வெற்றுப் பட்டியலுக்குள் இருந்த வழித்தடங்கள்

கோலாலம்பூரின் பங்சார் சவுத் பகுதியில் உள்ள எங்கள் நிறுவனம் கிடங்குகளுக்கான மென்பொருளை நடத்தி வருகிறது. கிள்ளான் துறைமுகம், பிறை, பாசிர் கூடாங் ஆகிய இடங்களில் உள்ள வாடிக்கையாளர் கிடங்குகளில் ஒரு பெட்டி உள்ளே வந்தாலும் வெளியே போனாலும், அதன் பதிவு பல ஆண்டுகளாக அமேசான் வெப் சர்வீசஸ் என்ற மேகக்கணிச் சேவையின் சிங்கப்பூர் வட்டாரத்தில், அதாவது அங்குள்ள தரவு மையங்களில், இருந்த எங்கள் சர்வர்களுக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. 2024 ஆகஸ்டில் அதே சேவையின் மலேசிய வட்டாரம் திறக்கப்பட்டதும், படிப்படியாக அங்கே மாறிவிடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. மறு ஆண்டின் தைப்பூசம் பிப்ரவரி 11-ஆம் நாள் வந்தது. கிடங்குகள் இருக்கும் மாநிலங்கள் எல்லாவற்றிலும் அன்று பொது விடுமுறை என்பதால், முதல் கட்ட மாற்றத்துக்கு அந்த நாளே குறிக்கப்பட்டது.

அதற்கு முன் முடிக்க வேண்டியதென்று எனக்குத் தரப்பட்ட பணி, கேட்பதற்கு எளிமையானது. அந்தச் சேவையில் எங்களுக்குள்ள மூன்று கணக்குகளிலும் சேர்த்து 64 சப்நெட்டுகள், அதாவது பிணையத்தின் சிறு பகுதிகள், இருந்தன. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் எந்த வழித்தட அட்டவணை பொருந்துகிறது, அந்த அட்டவணைப்படி எந்த முகவரிக்கான தரவு எந்த வாயில் வழியாக வெளியேறுகிறது என்று ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். கன்சோல் என்னும் அச்சேவையின் நிர்வாகத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முன்பு யாரோ எழுதிவைத்த தாள் ஒன்று இருந்தது. அதில் பாதி சப்நெட்டுகள் இப்போது இல்லை; இப்போதுள்ளவற்றில் பாதி அதில் இல்லை. ஆகவே கையால் எழுதாமல், பைத்தான் மொழியில் போட்டோ3 என்னும் நிரல் நூலகத்தைக் கொண்டு அமேசான் சேவையிடமே நேரடியாகக் கேட்டு எழுதுவது என்று முடிவு செய்தேன். போட்டோ என்பது அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் ஓங்கிலின் பெயர். நிழற்படத்தோடு அதற்கு உறவில்லை.

முதல் தடை அனுமதியில் வந்தது. பார்வையிடும் உரிமை மட்டும் போதும் என்பதால், எங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளர் அந்த உரிமையையும் குறிப்பிட்ட ஒரு வி.பி.சி.க்குள், அதாவது சப்நெட்டுகளை உள்ளடக்கிய ஒரு தனிப் பிணையத்துக்குள், மட்டும் செல்லுமாறு கட்டித் தந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் வழித்தட அட்டவணைகளைப் பட்டியலிடும் 'டிஸ்கிரைப் ரூட் டேபிள்ஸ்' என்ற அழைப்பை அப்படித் தனித்தனி வளமாகப் பிரித்து அனுமதிக்க இயலாது. வளம் என்ற இடத்தில் எல்லாம் என்று பொருள்படும் நட்சத்திரக் குறி இருந்தால்தான் அது வேலை செய்யும். அதைத் திருத்திய பிறகு சிங்கப்பூர் வட்டாரத்திலிருந்து பதில் வந்தது. மலேசிய வட்டாரமோ, அதே நிரலுக்கு, அதே உரிமைக்கு, சான்றுகளைச் சரிபார்க்க இயலவில்லை என்று பிழை காட்டியது.

இந்த இடத்தில் ஒரு முழு நாள் போனது. 2019 மார்ச் 20-க்குப் பிறகு வந்த வட்டாரங்கள் ஒரு கணக்கில் தாமாகத் திறந்திருப்பதில்லை. நாம் இயக்கிவைக்க வேண்டும். எங்கள் கணக்குகளில் அதை முன்பே செய்திருந்தார்கள், எனவே காரணம் அதுவன்று. மற்றக் கணக்குகளுக்குள் நுழைய நான் பெற்றுவந்த தற்காலிகச் சான்று, எஸ்.டி.எஸ். என்ற சான்று வழங்கும் சேவையின் உலகப் பொதுவான முகவரியிலிருந்து வழங்கப்பட்டது என்பதே காரணம். அந்த முகவரி இயல்பாக வழங்கும் சான்று, தாமாகத் திறந்திருக்கும் பழைய வட்டாரங்களில் மட்டுமே செல்லும். வட்டாரத்துக்குரிய எஸ்.டி.எஸ். முகவரியிடம் கேட்டுப் பெற்ற சான்று எல்லா வட்டாரங்களிலும் செல்லும். நிரலில் மாறியது ஒரு வரிதான். புதிய வட்டாரத்துக்கு மாறும் மற்றவர்களும் இதே இடத்தில் தடுக்கி விழக்கூடும் என்பதால் இதை விரித்து எழுதுகிறேன்.

இனி அட்டவணைகள். ஒரு பதிலில் எத்தனை அட்டவணைகள் வேண்டும் என்று 5 முதல் 100 வரை எண் குறிப்பிட்டுக் கேட்கலாம். நான் பழைய நிரல் ஒன்றிலிருந்து எடுத்த துண்டில் 20 என்று இருந்தது. முதல் கணக்கில் 20 அட்டவணைகள் வந்தன. கேட்ட அளவே அப்படியே வந்திருக்கிறதே என்ற ஐயம் அப்போது எனக்கு எழவில்லை. இன்னும் பக்கங்கள் உள்ளன என்று பதிலின் கடைசியில் காட்டிய தொடர்க்குறியை நான் படிக்கவே இல்லை. உண்மையில் அங்கே இருந்தவை 31. நூலகமே தரும் பேஜினேட்டர் அடுத்தடுத்த பக்கங்களைத் தானே கேட்டு வாங்கும். அதைப் பயன்படுத்திய பிறகு இந்தக் குறை தீர்ந்தது.

பிறகு ஒவ்வொரு சப்நெட்டுக்கும் உரிய அட்டவணை எது என்று கேட்டேன். சப்நெட்டின் அடையாள எண்ணை அசோசியேஷன் என்ற வடிகட்டியில் கொடுத்தால், அதனோடு இணைக்கப்பட்ட அட்டவணை வரும். 41 சப்நெட்டுகளுக்கு வந்தது. மீதி 23-க்கு வெற்றுப் பட்டியல் வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அழைப்பு வெற்றி, உள்ளே ஒன்றும் இல்லை. நானும் அந்த 23 வரிகளில் 'அட்டவணை இல்லை' என்று எழுதி, தாளை எங்கள் குழுவின் மூத்த பொறியாளருக்கு அனுப்பினேன். அவரை நாங்கள் எல்லாரும் அக்கா என்றே அழைப்போம்.

அக்கா என் மேசைக்கு வந்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். “தம்பி, இந்த சப்நெட்டில்தான் நம் தரவுத்தளம் இருக்கிறது. அட்டவணையே இல்லாமல் அது எப்படி இத்தனை நாள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது?”

எனக்கு விடை தெரியவில்லை. அவரே விளக்கினார். வழித்தட அட்டவணை இல்லாத சப்நெட் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வி.பி.சி.யும் பிறக்கும்போதே ஒரு முதன்மை அட்டவணையோடு பிறக்கிறது. ஒரு சப்நெட்டை எந்த அட்டவணையோடும் வெளிப்படையாக இணைக்காவிட்டால், அது பேசாமல் அந்த முதன்மை அட்டவணைக்குக் கீழ் போய்விடும். அப்படிப் பேசாமல் போனதை நூலகம் இணைப்பாகக் கணக்கிடுவதில்லை. நான் கேட்ட கேள்வி, 'யாராவது கைப்பட இணைத்த அட்டவணை உண்டா?' என்பது. நான் எழுதிக்கொண்ட விடையோ, 'எந்த அட்டவணையும் இதை ஆளவில்லை' என்பது. வெற்றுப் பட்டியல் முதல் கேள்விக்குச் சரியான விடை. இரண்டாவதற்கு அது விடையே அன்று. இதை அறியாமல் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு 11-ஆம் நாள் வேலையைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நிரலைத் திருத்தினேன். வடிகட்டியில் ஒன்றும் வராவிட்டால், அந்த சப்நெட் இருக்கும் வி.பி.சி.யின் அடையாளத்தையும் 'முதன்மை' என்ற நிபந்தனையையும் சேர்த்து இரண்டாம் முறை கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபோது 23-க்கும் விடை கிடைத்தது. அவற்றில் ஆறு சப்நெட்டுகளை ஆண்ட முதன்மை அட்டவணையில், 0.0.0.0/0, அதாவது வேறெங்கும் குறிப்பிடப்படாத எல்லா முகவரிகளும், இணையத்துக்கான வாயிலாகிய இன்டர்நெட் கேட்வேக்குப் போகுமாறு எழுதப்பட்டிருந்தது. தொடக்கக் காலத்தில் யாரோ சோதனைக்காகச் சேர்த்த வரி. அந்த ஆறில் ஒன்றில் இருந்த தரவுத்தளத்துக்குப் பொது முகவரி எதுவும் இல்லாததாலும், யார் அதை அணுகலாம் என்று வரையறுக்கும் செக்யூரிட்டி குரூப் விதிகள் இறுக்கமாக இருந்ததாலும் வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியவில்லை. ஆயினும், நாங்கள் தனிப்பட்ட சப்நெட் என்று பல ஆண்டுகளாக ஆவணங்களில் எழுதிவந்தது, வழித்தடத்தைப் பொறுத்தவரை பொது சப்நெட்டாகவே இருந்திருக்கிறது.

அட்டவணைக்குள் இருக்கும் வரிகளைப் படிப்பதிலும் இதே குணம் தொடர்ந்தது. ஒரு வரிக்கு ஓர் இலக்கு, அதாவது தரவு வெளியேறும் வாயில், உண்டு. ஆனால் அந்த இலக்கின் பெயர் எப்போதும் ஒரே புலத்தில் வருவதில்லை. இன்டர்நெட் கேட்வே என்றால் ஒரு புலம், உள்ளிருந்து வெளியே தொடர்புகொள்ள மட்டும் விடும் நாட் கேட்வே என்றால் மற்றொன்று, பல பிணையங்களை ஒன்றிணைக்கும் டிரான்சிட் கேட்வேக்கும் இரண்டு வி.பி.சி.க்களை நேராக இணைக்கும் பியரிங்குக்கும் தனித்தனிப் புலங்கள். நான் முதலாவதை மட்டும் படித்திருந்ததால், மற்றவை எல்லாம் இலக்கற்ற வரிகளாகத் தாளில் விழுந்தன. போகும் இடமும் அப்படித்தான்: பெரும்பாலும் அது முகவரித் தொகுதியாக இருக்கும், எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவைக்கான தனி வாயில், அதாவது கேட்வே எண்ட்பாயிண்ட், இருக்கும் அட்டவணையிலோ முகவரிக்குப் பதிலாக ஒரு முன்னொட்டுப் பட்டியலின் அடையாளம் மட்டும் இருக்கும். அதற்குள் எந்த முகவரிகள் உள்ளன என்பதை வேறோர் அழைப்பில்தான் கேட்டுப் பெற வேண்டும்.

இந்த நேரத்தில்தான் பிறை கிடங்கின் சிக்கல் எங்கள் மேசைக்கு வந்தது. அங்கே பெட்டிப் பதிவு ஒழுங்காக நடந்தது. லேபிள் அச்சிடும் சர்வர் மட்டும் பதில் தரவில்லை. கிடங்கில் இருந்தவர்கள் தங்கள் ஃபயர்வால்தான் குறுக்கே நிற்கிறது என்று எண்ணி இரண்டு நாள் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். கிடங்குகள் எல்லாவற்றுக்கும் நாங்கள் 10.40.0.0/16 என்ற தொகுதியை ஒதுக்கியிருந்தோம்; 65,536 முகவரிகள் கொண்ட அதில் பிறைக்கு உரியது 10.40.8.0/24, அதாவது 256 முகவரிகள். லேபிள் சர்வரின் சப்நெட்டுக்குரிய அட்டவணையில் 10.40.0.0/16 டிரான்சிட் கேட்வேக்குப் போகிறது, அதன் நிலை 'ஆக்டிவ்' என்று கன்சோலில் தெளிவாகத் தெரிந்தது. பார்த்தவர் எவரும் அதோடு நிறைவடைந்தார்கள். என் நிரலும் அதையே சொன்னது.

நிரல் அப்படிச் சொன்னதற்கு நானே காரணம். உயிரோடு உள்ள வரிகள் மட்டும் போதும் என்று எண்ணி, 'ஆக்டிவ்' அல்லாத வரிகளைப் படிக்கும்போதே தள்ளிவிட்டிருந்தேன். அந்தக் கட்டளையை நீக்கியதும் இன்னொரு வரி வெளிப்பட்டது: 10.40.8.0/24, இலக்கு ஒரு பியரிங், நிலை 'பிளாக்ஹோல்', அதாவது இலக்கு இல்லாமல் போனதால் தரவு தொலைந்துபோகும் வழி. பிறை கிடங்கு எங்களோடு சேர்வதற்கு முன் அதே எண்ணில் ஒரு சோதனை வி.பி.சி. இருந்திருக்கிறது. அதையும் அதற்கான பியரிங்கையும் அழித்துவிட்டார்கள். பியரிங்கை அழித்தாலும் அதைச் சுட்டும் வரி அட்டவணையை விட்டுப் போகாது. நாம் நீக்கும்வரை பிளாக்ஹோலாக அங்கேயே கிடக்கும்.

கிடந்தால் என்ன, பக்கத்தில்தான் நல்ல வழி ஒன்று இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். வழித்தடத் தேர்வில் குறுகிய தொகுதிக்கே முன்னுரிமை. அஞ்சல் உறையில் மலேசியா என்பதைவிடப் பினாங்கு என்பதும், பினாங்கைவிடப் பிறை என்பதும் குறிப்பானவை அல்லவா? அதுபோல /16-ஐவிட /24 குறிப்பானது. அந்தக் குறிப்பான வரி செத்துப்போயிருந்தாலும் தேர்வு அதன்மேல்தான் விழும். அது இயலவில்லை என்று அகன்ற வரிக்குத் திரும்பி வருவதில்லை. பிறையிலிருந்து கேள்வி லேபிள் சர்வரை வந்தடைந்தது. சர்வரின் பதில் பிளாக்ஹோலில் விழுந்து தொலைந்தது. பெட்டிப் பதிவு சர்வர் வேறு அட்டவணையின் கீழ் இருந்ததால் தப்பியது.

தேர்வை நிரலுக்குள் சரியாகச் செய்ய, பைத்தானோடு வரும் ஐபிஅட்ரஸ் என்ற தொகுப்பைப் பயன்படுத்தினேன். ஒரு முகவரியைக் கொடுத்தால், அதை உள்ளடக்கும் வரிகளை எல்லாம் எடுத்து, முன்னொட்டு நீளம், அதாவது சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், மிகுந்ததைத் தேர்ந்தெடுத்து, அதன் நிலையையும் சேர்த்துச் சொல்லுமாறு எழுதினேன். முகவரிகளை வெறும் எழுத்துச் சரங்களாக ஒப்பிட்டிருந்த என் பழைய வரிகளை எல்லாம் அழித்துவிட்டேன். நூலகத்தின் வடிகட்டியில் வழியின் நிலையைக் கொடுத்துக் கேட்டாலும், அது அட்டவணைகளைத்தான் தேர்ந்தெடுக்கும், வரிகளைத் தேர்ந்தெடுக்காது. பிளாக்ஹோல் ஒன்றாவது உள்ள அட்டவணைகள் தம் எல்லா வரிகளோடும் வரும். அவற்றைப் பிரித்தெடுப்பது நம் வேலை. மூன்று கணக்குகளிலும் சேர்த்து இன்னும் ஒன்பது பிளாக்ஹோல் வரிகள் கிடைத்தன. பெரும்பாலானவை அழித்துவிட்ட நாட் கேட்வேக்களைச் சுட்டியவை.

டிரான்சிட் கேட்வேக்குத் தன் சொந்த வழித்தட அட்டவணைகள் உண்டு. சப்நெட்டின் அட்டவணையைப் படித்தால் அவை தெரியாது. அவற்றைத் தேடும் அழைப்பு வேறு. அதில் வடிகட்டி கட்டாயம். ஒரு முறைக்கு 1,000 வழிகளுக்குமேல் தராது, மிச்சம் இருந்தால் இருக்கிறது என்று ஒரு குறி காட்டும். எங்களிடம் அவ்வளவு இல்லை. எனினும் அந்தக் குறியைப் படித்து, மிச்சம் இருந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடுமாறு எழுதினேன்.

திருத்தங்களை நான் செய்யவில்லை. என் உரிமை பார்வையிடுவதற்கு மட்டுமே. அக்கா ஒப்புதல் பெற்று, பிறைக்கான அந்தச் செத்த வரியை முதலில் நீக்கினார். லேபிள் அச்சு அப்போதே தொடங்கியது. பிறகு முதன்மை அட்டவணையின் கீழ் இருந்த 23 சப்நெட்டுகளையும் ஒவ்வொன்றாக உரிய அட்டவணையோடு வெளிப்படையாக இணைத்தார். முதன்மை அட்டவணைகளில், வி.பி.சி.க்குள் செல்லும் உள்வழியைத் தவிர வேறு வரி எதையும் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். துன் எச்.எஸ். லீ சாலையின் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலைக்கு வெள்ளி ரதம் புறப்பட்ட இரவில், சாலைகள் மூடும் முன்னரே வீடு திரும்பி, அங்கிருந்து நிரலை மீண்டும் ஓட்டினேன். முதல் கேள்விக்கே 64 சப்நெட்டுகளுக்கும் அட்டவணை வந்தது; இரண்டாம் கேள்வியைக் கேட்கும் பகுதி ஒரு முறைகூட ஓடவில்லை. அந்தப் பகுதியை நான் நீக்கவில்லை. இப்போது நிரல் ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு ஓடுகிறது. அந்தப் பகுதி ஓடினால், எந்த சப்நெட்டுக்காக ஓடியது என்று எனக்கும் அக்காவுக்கும் செய்தி வரும்.